காரில் கேட்கப் பாடல்களை அடுக்கி வைப்பது எப்படி?

சென்னையிலிருந்து திருச்சி ஏறக்குறைய 330 கிலோமீட்டர். சாப்பாடு, டீ எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டு சராசரியாக 5 நிமிடம் என்றால் வழி முழுக்கக் கேட்க 72 பாட்டுப் போதும். நான் கார் வாங்கிய புதிதில் இந்தக் கணக்கெல்லாம் போடவில்லை. கம்ப்யூட்டரில் சேர்ந்திருந்த நாலாயிரம் பாட்டையும் ஒரு 64 ஜிபி பென்டிரைவில் அப்படியே கொட்டி எடுத்துப் போனேன். செருகியதும் ‘படிக்க முடியவில்லை’ என்று ஒரே வரி வந்தது. அதைச் சரிசெய்து அடுத்த முறை போனபோது பாட்டு வந்தது. ஆனால் விடிகாலைப் பக்திப் பாட்டு முடிந்த கையோடு குத்துப்பாட்டு, அதன் பின்னால் ஒரு தவில் தனி, அப்புறம் எப்போதோ யாரோ அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்து. பின்சீட்டிலிருந்து அம்மா, “நேத்து போட்டியே, அந்தப் பாட்டைத் திரும்பப் போடேன்” என்றார். உளுந்தூர்ப்பேட்டையில் வண்டியை ஓரம்கட்டி, டீ ஆறும்வரை தேடியும் அது கிடைக்கவில்லை.

வீட்டில் பாட்டுக் கேட்கும்போது கண்ணும் கையும் நம் வசம் இருக்கின்றன. காரில் கண் சாலையில், கை ஸ்டீயரிங்கில். அதனால் தேடுவது, வரிசைப்படுத்துவது, வேண்டாததைத் தள்ளுவது எல்லாம் வீட்டிலேயே முடிந்துவிட வேண்டும். காரில் மிஞ்சும் வேலை ஒரு பட்டனை அழுத்துவது மட்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

எதன் வழியாகக் கேட்பது?

பென்டிரைவ், ப்ளூடூத், ஆக்ஸ் கம்பி (போனின் ஹெட்போன் துளையிலிருந்து காருக்குப் போகும் கம்பி), போன் செயலிகளை கார்த் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோ அல்லது கார்ப்ளே என்று நான்கு வழிகள் இருக்கின்றன. காருக்கென்று ஒரு தொகுப்பு வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு நான் பென்டிரைவைத்தான் சொல்வேன். செல்போன் சிக்னல் வேண்டாம், போன் பேட்டரி தீராது, அழைப்பு வந்துபோன பிறகு பாட்டை மறுபடி தொடங்க வேண்டிய தொல்லையும் இல்லை. ப்ளூடூத்தில் போன் பாட்டை இன்னொரு முறை சுருக்கித்தான் அனுப்புகிறது. பென்டிரைவில் இருப்பதை கார் செட் நேராகப் படிக்கிறது.

போனில் ஏற்கெனவே பாடல் ஃபைல்கள் நிறைய இருக்கின்றன, காரில் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் உண்டு என்றால் விஎல்சி, பவர்ஆம்ப் போன்ற செயலிகள் கார்த் திரையில் வரும். அதுவும் நல்ல வழிதான். ஆக்ஸ் மட்டுமே உள்ள பழைய கார்களில் போனை சார்ஜரிலும் போட்டு ஆக்ஸிலும் செருகினால், ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க ‘ஙொய்ய்’ என்று ஒரு சத்தம் கூடவே ஏறும். போன் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். சார்ஜரும் ஆக்ஸும் ஒரே பேட்டரியில் இரண்டு வழியாக எர்த் ஆவதால் வருவது அது. சார்ஜரைக் கழற்றினால் நின்றுவிடும். கழற்ற முடியாதென்றால் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சின்னக் கருவியை ஆக்ஸ் கம்பிக்கு நடுவில் போடலாம்.

இன்னொன்று. காரில் இரண்டு மூன்று யுஎஸ்பி துளைகள் இருந்தால் எல்லாமே பாட்டுக்கானவை அல்ல. சில சார்ஜுக்கு மட்டும். யுஎஸ்பியின் முக்கிளைக் குறியோ போன் படமோ போட்டிருக்கும் துளையில் முதலில் முயன்று பாருங்கள். பென்டிரைவ் வேலை செய்யவில்லை என்று என்னிடம் கேட்டவர்களில் இரண்டு பேருக்குப் பிரச்சினை இந்தத் துளைதான்.

பென்டிரைவ் வாங்குவதும் ஃபார்மட் செய்வதும்

32 ஜிபி போதும், உண்மையாகவே போதும். 320 கேபிபிஎஸ் (பாட்டின் ஒரு நொடிக்கு எவ்வளவு தகவல் என்ற தர அளவு) எம்பி3 நிமிடத்துக்கு 2.4 எம்பி, 5 நிமிடப் பாட்டு 12 எம்பி. அந்தக் கணக்கில் 32 ஜிபியில் ஏறக்குறைய 2,600 பாட்டு, அதாவது 200 மணி நேரத்துக்கு மேல். டிரைவில் ஃபைல்கள் கூடக் கூட, வண்டியைக் கிளப்பியதும் கார் செட் அதைப் படித்துப் பட்டியல் போடும் நேரமும் கூடும். இன்னொன்று, செருகினால் நகம் அளவுக்கே வெளியே தெரியும் குட்டி ரகமாகப் பார்த்து வாங்குங்கள். நீளமானது கியர் போடும் கையில் ஒருநாள் இடித்து, துளையையும் சேர்த்து ஆட்டிவிடும்.

எனக்கு வந்த ‘படிக்க முடியவில்லை’ என்ற வரிக்குக் காரணம் ஃபார்மட். பென்டிரைவில் ஃபைல்களை எந்த முறையில் எழுதி வைப்பது என்பதற்குப் பல வகைகள் உண்டு: ஃபேட்32, எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ். 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ளவை கடையிலிருந்து வரும்போது பெரும்பாலும் எக்ஸ்ஃபேட்டில் இருக்கும். கார் செட்டுகள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் தெரிந்த பொது மொழி ஃபேட்32. விண்டோஸில் டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து, ஃபார்மட் என்பதில் ஃபேட்32 தேர்ந்தெடுத்தால் முடிந்தது. ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது முழுக்க அழிந்துபோகும், முதலில் வேறு இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள். விண்டோஸின் ஃபார்மட் பெட்டி நெடுங்காலமாக 32 ஜிபி வரைக்கும்தான் ஃபேட்32 தந்துவந்தது. பெரிய டிரைவ் என்றால் ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளில் பூட் வேண்டாம், எம்பிஆர் (மாஸ்டர் பூட் ரெகார்ட்), ஃபேட்32 என்று மூன்றையும் தேர்ந்தெடுத்துச் செய்யலாம்.

மேக் வைத்திருப்பவர்கள் டிஸ்க் யுடிலிட்டியில் எம்எஸ்-டாஸ் ஃபேட் என்பதோடு, ஸ்கீம் என்ற இடத்தில் மாஸ்டர் பூட் ரெகார்ட் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது ஜியுஐடி என்றிருந்தால் ஃபேட்32 ஆக இருந்தும் பல கார்கள் படிக்காது. மேக் இன்னொரு வேலையும் செய்யும். ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில், புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வரும் ஒரு மறைவு ஃபைலை எழுதி வைக்கும். கம்ப்யூட்டரில் கண்ணுக்குத் தெரியாது. காரிலோ ஒவ்வொரு பாட்டும் இரண்டு முறை வந்ததுபோல் தெரியும், அதில் ஒன்று பாடாது. டெர்மினலில் டாட் கிளீன் (dot_clean -m) கட்டளையை டிரைவின் இடத்தோடு சேர்த்துக் கொடுத்தால் அவை போய்விடும்.

இது முடிந்ததும் பத்தே பத்துப் பாட்டைப் போட்டு, வீட்டு வாசலில் நிற்கும் காரிலேயே செருகிப் பாருங்கள். அந்தப் பத்தில் ஒன்றுக்குத் தமிழில் பெயர் வையுங்கள், ஒன்று எம்4ஏ, ஒன்று ஃப்ளாக் ஆக இருக்கட்டும் (இரண்டும் எம்பி3 போல வேறு பாட்டு ஃபைல் வகைகள், ஃப்ளாக் தரம் குறையாமல் சுருக்குவது). உங்கள் கார் எதைப் படிக்கும், எதைப் படிக்காது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். காரோடு வந்த கையேட்டில் எத்தனை ஃபோல்டர், எத்தனை ஃபைல் வரை என்ற வரம்பும் பெரும்பாலும் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பாட்டு எங்கிருந்து, எந்தத் தரத்தில்?

ஸ்ட்ரீமிங் செயலிகளில் ஆஃப்லைனுக்காக இறக்கி வைத்த பாட்டைப் பென்டிரைவுக்கு மாற்ற முடியாது. அது பூட்டுப் போட்ட ஃபைல், அந்தச் செயலிக்குள் மட்டுமே திறக்கும். ஐடியூன்ஸ் கடையில் விலைக்கு வாங்கும் பாட்டுக்கு 2009 முதல் அந்தப் பூட்டு இல்லை. 256 கேபிபிஎஸ்ஸில் ஏஏசி முறையில் சுருக்கிய எம்4ஏ ஃபைலாக வரும், எம்4ஏ படிக்கும் கார்களில் நேராகப் பாடும். ஆனால் பலர் மறந்துபோகும் பொக்கிஷம் வீட்டுப் பரணில் இருக்கும் ஆடியோ சிடிகள்தான். கம்ப்யூட்டரில் டிவிடி டிரைவ் இல்லையென்றால் வெளியே செருகும் டிரைவ் ஒன்று வாங்கி, எக்ஸாக்ட் ஆடியோ காப்பி அல்லது ஃப்ரீ:ஏசி கொண்டு இறக்குங்கள். வீட்டில் வைத்துக்கொள்ள ஃப்ளாக், காருக்கு எம்பி3 என இரண்டு வகையாக எடுத்துக்கொண்டால் பிற்காலத்தில் மறுபடி சிடியைத் தேட வேண்டாம்.

தரம் பற்றிப் பெரிய கவலை தேவையில்லை. ஏசி ஓடும், டயர் உறுமும், லாரி தாண்டும். அந்தச் சத்தத்துக்கு நடுவே நல்ல சிடியிலிருந்து எடுத்த 192 கேபிபிஎஸ்ஸுக்கும் 320க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். 128 மட்டும் ஜால்ரா, ஹை-ஹாட் வரும் இடங்களில் கரகரவென்று நீர்த்துப்போவது காதுக்குத் தெரியும். இருக்கும் 128ஐ 320 ஆக ‘மாற்றி’ வைப்பதால் எந்தப் பயனும் இல்லை. போன ஓசை திரும்பி வராது, ஃபைல் மட்டும்தான் பெருக்கும்.

ஃபோல்டர்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். கம்ப்யூட்டரில் படம் வாரியாக ஃபோல்டர் வைத்திருப்போம், ஒரு படத்துக்கு ஐந்தாறு பாட்டு. காரில் அப்படி வைத்தால் அரை மணிக்கு ஒருமுறை ஃபோல்டர் மாற்ற வேண்டும். அதிலும் ஐந்தில் இரண்டு நமக்குப் பிடிக்காத பாட்டாக இருக்கும். நான் பல முறை மாற்றிப் பார்த்து, இப்போது பயணத்தின் வேளையையும் கூட வருபவர்களையும் வைத்துப் பிரிக்கிறேன். என் டிரைவில் இருப்பவை இவ்வளவுதான்: 01 விடிகாலை, 02 அம்மா, 03 நெடுஞ்சாலை, 04 பிள்ளைகள், 05 மழை, 06 ராத்திரி, 07 கச்சேரி. ‘ராத்திரி’ என்பதில் தாலாட்டு மாதிரியான எதையும் வைப்பதில்லை. ஓட்டுபவருக்குத் தூக்கம் வராத, கூடச் சேர்ந்து பாடக்கூடிய பாட்டுகள் மட்டும். ‘அம்மா’வில் 1950களிலும் 60களிலும் வந்தவை. அவை மோனோ ஒலிப்பதிவுகள் என்பதால் இடது வலது ஸ்பீக்கர்களில் ஒரே மாதிரி வரும், பின்சீட்டில் இருப்பவருக்கும் குரல் தெளிவாகக் கேட்கும்.

ஒரு ஃபோல்டரில் 60 முதல் 100 பாட்டு வரை வையுங்கள். அதற்குக் குறைந்தால் ஒரே பயணத்தில் திரும்பி வரும், கூடினால் அடிப்பக்கத்தில் இருப்பவை வாழ்நாளில் வராது. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வேண்டாம். பல செட்டுகளில் உள்ளே போகப் போக வெளியே வரும் வழி தெரியாமல் திருகிக்கொண்டே இருக்க நேரும்.

முன்னால் 01, 02 என்று இரண்டு இலக்கத்தில் எண் போடுவதற்குக் காரணம் உண்டு. வெறும் 1, 2 என்று போட்டால் 1க்குப் பிறகு 10, 11 வந்து, 2 பின்னால் போய்விடும். நூறு பாட்டு இருந்தால் 001 என்று தொடங்குங்கள்.

பெயரைத் தமிழில் வைப்பதா ஆங்கில எழுத்திலா? மனசு தமிழில்தான் வைக்கச் சொல்கிறது. ஃபேட்32இல் தமிழ்ப் பெயரைச் சேமிப்பதில் எந்தத் தடையும் இல்லை. காரின் திரையில் தமிழ் எழுத்துரு இருக்க வேண்டுமே! இல்லாவிட்டால் வரிசையாகக் கட்டங்கள் தெரியும். சில செட்டுகளில் எழுத்துரு இருந்தும் ‘கொ’வில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிரிந்து நிற்கும். பத்துப் பாட்டுச் சோதனையில் ஒன்றுக்குத் தமிழ்ப் பெயர் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். சரியாகத் தெரிந்தால் தயங்காமல் தமிழில் வையுங்கள்.

எண் போட்டும் வரிசை மாறுகிறதே?

புதிதாக ஆரம்பிப்பவர்களை மிகவும் குழப்பும் இடம் இது. கம்ப்யூட்டரில் பார்த்தால் 01, 02, 03 என்று அழகாக இருக்கும். காரில் 01க்குப் பிறகு 47 பாடும். கம்ப்யூட்டர் நமக்குக் காட்டும்போது பெயர்ப்படி அடுக்கிக் காட்டுகிறது. ஆனால் ஃபேட்32இன் உள்ளே ஒரு பட்டியல் இருக்கிறது, ஃபைல் எந்த வரிசையில் எழுதப்பட்டதோ அந்த வரிசையில்தான் அதில் பெயர்கள் இருக்கும். நடுவில் ஒன்றை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட்டால், அது அழிந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளக்கூடும். பல கார் செட்டுகள் பெயரைப் பார்ப்பதில்லை, அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாக அப்படியே படிக்கின்றன.

இதற்கு டிரைவ்சார்ட் என்ற இலவச மென்பொருள் விண்டோஸில் இருக்கிறது. லினக்ஸிலும் மேக்கிலும் ஃபேட்சார்ட். பாட்டுகளை எல்லாம் போட்டு முடித்த பிறகு கடைசியாக இதை ஒருமுறை ஓட்டினால், உள்ளே இருக்கும் பட்டியலையே பெயர்ப்படி மாற்றி எழுதிவிடும். புதிதாகப் பாட்டுச் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் ஓட்ட வேண்டும். மென்பொருள் வேண்டாம் என்பவர்கள் டிரைவை முழுக்க அழித்துவிட்டு, ஃபோல்டர்களை ஒவ்வொன்றாக வரிசைப்படி நகலெடுக்கலாம். எம்3யு என்ற, பாட்டுகளின் வரிசையை எழுதி வைக்கும் பிளேலிஸ்ட் ஃபைல் செய்து வைக்கலாமே என்று தோன்றும். அதைப் படிக்காத கார்கள் நிறைய. ஃபோல்டரையே பிளேலிஸ்ட் என்று நினைத்துக்கொள்வது எல்லா வண்டிக்கும் பொருந்தும்.

டேக் என்ற உள்பெயர்

ஃபைலுக்கு வெளியே ஒரு பெயர் இருப்பதுபோல எம்பி3க்குள்ளே பாட்டு, பாடியவர், ஆல்பம் என்று ஒரு குறிப்பு இருக்கும். ஐடி3 டேக் என்பார்கள். 1996இல் வந்த முதல் வடிவத்தில் ஒவ்வொன்றுக்கும் 30 எழுத்துதான் இடம். நம் ஊர்ப் பாடகர்களின் பெயர் முதலெழுத்துகளோடு எழுதினால் இரண்டாவது பாடகர் பாதியில் வெட்டுப்படுவார். பழைய ஃபைல்களில் பெயர் அறுந்து நிற்பது பெரும்பாலும் இதனால்தான். இரண்டாம் வடிவத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை, தமிழ் யூனிகோடும் எழுதலாம்.

டேக்கைத் திருத்த விண்டோஸில் எம்பி3டேக் எளிது, மற்றவற்றில் கிட்3. எம்பி3டேக் அமைப்புகளில் ஐடி3வி2.3 யுடிஎஃப்-16 என்பதைத் தேர்ந்தெடுத்து வையுங்கள். 2.4 புதியது என்றாலும் பழைய கார் செட்டுகள் 2.3ஐத்தான் நன்றாகப் படிக்கின்றன. ஃபோல்டர் முழுவதையும் திறந்து, அத்தனையையும் தேர்ந்தெடுத்து, கமெண்ட் என்ற கட்டத்தில் இருக்கும் இணையதள விளம்பரங்களை ஒரே அடியாக அழியுங்கள். ஆல்பம் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் தளப் பெயர்களையும் எடுத்துவிடுங்கள்.

அடுத்து நம் திரைப்பாடல்களுக்கே உரிய ஒரு சிக்கல். இந்த டேக் முறை ஒரு ஆல்பத்துக்கு ஒரு பாடகர் என்ற வழக்கத்தை மனதில் வைத்து வந்தது. நம்மிடமோ ஒரே படத்தில் எஸ்.பி.பாலசுப்பிரமணியம் தனியாக ஒரு பாட்டு, அவரும் எஸ்.ஜானகியும் ஒன்று, அவரும் பி.சுசீலாவும் ஒன்று. காரில் ‘ஆர்ட்டிஸ்ட்’ பட்டியலைத் திறந்தால் இந்த மூன்றும் மூன்று ஆளாக நிற்கும். நாம் பாட்டைத் தேடும்போது பெரும்பாலும் இசையமைப்பாளர் பெயரைத்தான் நினைக்கிறோம். அதனால் காருக்கான நகலில் ஆர்ட்டிஸ்ட் கட்டத்தில் இசையமைப்பாளரைப் போட்டுவிட்டு, பாடியவர்களைப் பாட்டுப் பெயருக்குப் பின்னால் ஒரு கோடு போட்டு எழுதுகிறேன். வீட்டில் இருக்கும் மூலத்தில் பாடகர் பெயரை மாற்றுவதில்லை. அங்கே பாடியவர் பெயர் உரிய இடத்தில் இருப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

பெயரை ஒரே மாதிரி எழுதுவதும் முக்கியம். ஆங்கில எழுத்தில் இளையராஜாவை ஒரு ஏ, இரண்டு ஏ, ஐ போட்டு, ஐ போடாமல், ஒரு எல், இரண்டு எல் என்று எத்தனையோ விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். கார் ஒவ்வொன்றையும் வேறு ஆளாகத்தான் எடுத்துக்கொள்ளும். எம்பி3டேக்கில் அவர் பாட்டுகள் அனைத்தையும் தேர்ந்தெடுத்து ஒரே எழுத்தை ஒருமுறை அடித்துச் சேமித்தால் அத்தனையும் ஒன்றாகிவிடும்.

கர்நாடக இசை கேட்பவர்களுக்கு: டைட்டிலில் கீர்த்தனையும் ராகமும், ஆர்ட்டிஸ்டில் பாடியவர், ஆல்பத்தில் கச்சேரி நடந்த இடமும் ஆண்டும். டிராக் எண்ணைக் கச்சேரி வரிசைப்படி போட மறக்காதீர்கள். வர்ணத்தில் தொடங்க வேண்டிய கச்சேரி துக்கடாவில் தொடங்கினால் கேட்கவே முடியாது. ராகம் தானம் பல்லவி மூன்று ஃபைலாக இருந்தால் இடையில் ஒரு நொடி மௌனம் விழும். ஆடாசிட்டியில் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். ஆனால் நாற்பது நிமிட ஃபைலாகிவிட்ட பிறகு, வண்டியை நிறுத்திக் கிளப்பினால் உங்கள் செட் விட்ட இடத்திலிருந்து பாடுகிறதா, முதலிலிருந்தா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படத்தின் அட்டைப்படம் வைப்பதானால் 500க்கு 500 பிக்சல் அளவு ஜேபெக் போதும். பெரிய படங்கள் ஒவ்வொரு பாட்டையும் தாமதமாகத் தொடங்க வைக்கும், சில செட்டுகளில் படமே வராது.

சத்தம் ஏறி இறங்காமல்

பழைய பாட்டு மெதுவாகக் கேட்கிறது என்று வால்யூமை ஏற்றுவோம். அடுத்து வரும் புதுப்பாட்டு காதில் அறையும், பின்சீட்டில் தூங்கும் குழந்தை விழித்துவிடும். இதற்கு எம்பி3கெயின் என்ற சின்ன மென்பொருள் இருக்கிறது. இது பாட்டை மறுபடி சுருக்குவதில்லை. எம்பி3க்குள் ஒலியளவைக் குறிக்கும் எண்ணை மட்டும் 1.5 டெசிபல் படிகளில் மாற்றுவதால் தரம் குறையாது, எந்த கார் செட்டிலும் பலிக்கும். இலக்கு 89 டெசிபல் என்று அதில் ஏற்கெனவே இருக்கும். அதையே வைத்து, கலவையான ஃபோல்டர்களுக்கு, ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாக ஒரே அளவுக்குக் கொண்டுவரும் டிராக் கெயின் கொடுங்கள். கச்சேரிக்கு மட்டும், எல்லா ஃபைலையும் ஒரே அளவில் சேர்த்து ஏற்றி இறக்கும் ஆல்பம் கெயின். அங்கே ஆலாபனை மெல்லத் தொடங்குவதும் தனி ஆவர்த்தனம் ஓங்குவதும் அப்படியே இருக்க வேண்டும். ரீப்ளேகெயின் என்று இன்னொரு முறையும் உண்டு. அது டேக்கில் குறிப்பு எழுதுவதோடு சரி, கார் செட்டுகள் பெரும்பாலும் அதைக் கண்டுகொள்வதில்லை.

அப்புறம் பராமரிப்பு

கம்ப்யூட்டரில் ‘கார்’ என்று ஒரு ஃபோல்டர் வைத்து, எல்லா மாற்றத்தையும் முதலில் அங்கே செய்யுங்கள். பென்டிரைவ் அதன் நகல் மட்டும். பயணத்தில் யாராவது ஒரு பாட்டைத் தள்ளச் சொன்னால் பக்கத்தில் இருப்பவரைக் குறித்து வைக்கச் சொல்கிறேன். ஓட்டுபவர் போனைக் கையில் எடுப்பது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஆபத்தான ஓட்டுதல் என்றே எடுத்துக்கொள்ளப்படும். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பட்டியலைப் பார்த்து எடுக்க வேண்டியதை எடுத்து, சேர்க்க வேண்டியதைச் சேர்த்து, டிரைவை அழித்து மறுபடி நகலெடுத்து, டிரைவ்சார்ட் ஓட்டி முடிப்பேன். கழற்றும்போது ‘இஜெக்ட்’ கொடுத்துக் கழற்றுங்கள். அவசரத்தில் பிடுங்கினால் அந்த உள்பட்டியலே சிதைந்துபோகலாம்.

கத்திரி வெயிலில் மூடிய காருக்குள் பென்டிரைவை விட்டுப் போகாதீர்கள். சாதாரண பென்டிரைவ் பலவற்றுக்கு வேலை செய்யும் வெப்ப வரம்பு 60 டிகிரி செல்சியஸ்தான். வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டு அதைத் தாண்டும். என்னுடையது ஒன்று போன மே மாதம் அப்படித்தான் போனது. வீட்டில் ‘கார்’ ஃபோல்டர் இருந்ததால் அன்று மாலையே வேறொன்றில் ஏற்றிவிட்டேன். இப்போது அதே நகல் இன்னொரு பென்டிரைவில், அம்மாவின் கைப்பையில் இருக்கிறது.